சுண்ணாம்பைப் பிடிக்கும் கைகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே புறப்பட்டால், சிறிது தொலைவிலேயே விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம் வந்துவிடும். இந்த ஊரின் கரையில், கடல் அரிப்பைத் தடுப்பதற்காகக் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு இடையே கிளிஞ்சல்களும் சிப்பிகளும் சங்கு ஓடுகளும் சிதறிக் கிடக்கும். மாணவ நண்பர்களே, அவற்றுள் ஒன்றை எடுத்துச் சிறிது வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரை பொங்கி வரும். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைய, கரியமில வாயு குமிழ்குமிழாக வெளியேறுகிறது. அதுவே அந்த நுரை. இதே கிளிஞ்சலைச் சூளையிலிட்டு நீற்றித்தான் நம் முன்னோர் வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு தயாரித்தார்கள்.

சிப்பிக்கு ஓடு எப்படியோ, நமக்கு எலும்பு அப்படி. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 1 கிலோகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடும். மீதி இருப்பது 1 விழுக்காடுதான். ஆனால் இதயம் துடிப்பதும், கை மடங்கி நீள்வதும், நரம்பு செய்தி அனுப்புவதும், கருவுற்ற முட்டை வளரத் தொடங்குவதும் அந்த 1 விழுக்காட்டின் தயவால்தான். உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதற்கும், தம் முறை வந்ததும் அடங்கி மடிவதற்கும் கூட அது வேண்டும். இந்த ஒழுங்கு குலையும் இடங்களுள் ஒன்றுதான் புற்றுநோய்.

கால்சியம் தானாக இத்தனை வேலைகளையும் செய்துவிடுவதில்லை. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும், அதன் செய்தியைப் படித்துச் சொல்லவும் உயிரணுக்களில் தனி வகைப் புரதங்கள் உள்ளன. அவற்றுக்குக் 'கால்சியம் பிணைப்புப் புரதங்கள்' என்று பெயர். அவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

குழாய்த் தண்ணீர் செய்த உதவி

இந்தக் கதை லண்டனில் தொடங்குகிறது. அங்கே மருத்துவராகவும் பேராசிரியராகவும் இருந்த சிட்னி ரிங்கர், உடலிலிருந்து தனியே எடுத்த தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்து ஆராய்ந்து வந்தார். 1882இல் அவர் ஒரு முடிவை வெளியிட்டார். சோடியம் குளோரைடும் சிறிது பொட்டாசியமும் கலந்த கரைசலில் இதயம் நெடுநேரம் துடிக்கிறது என்பது அதன் சாரம்.

பிறகுதான் ஓர் உண்மை தெரிய வந்தது. அந்தக் கரைசல் வாலை வடித்த தூய நீரில் தயாரிக்கப்படவில்லை. லண்டன் நகரின் குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டிருந்தது. தூய நீரில் கரைசலைச் செய்து வைத்தபோது இதயம் சீக்கிரமே துடிப்பை நிறுத்திவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்து, தூய நீரில் இல்லாத பொருள் எது? லண்டன் நீர் கடின நீர். அதில் கால்சியம் கரைந்திருந்தது. தூய நீர்க் கரைசலில் சிறிதளவு கால்சியம் உப்பைச் சேர்த்ததும் இதயம் மீண்டும் ஒழுங்காகத் துடித்தது. 1883இல் ரிங்கர் இதை வெளிப்படையாக எழுதி, முந்தைய முடிவைத் திருத்திக்கொண்டார்.

உங்கள் வீட்டில் யாரேனும் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றிய பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் 'ரிங்கர் லாக்டேட்' என்று அச்சிட்டிருந்தால், அந்த ரிங்கர் இவர்தான். அதில் இன்றும் சிறிதளவு கால்சியம் குளோரைடு கலக்கப்படுகிறது.

ஒரு சிறு கணக்கு

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே எதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனநிறைவு. நீங்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1 லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 1 லிட்டர் இரத்தத் தெளிநீரில் சுமார் 100 மில்லிகிராம். அதில் ஏறக்குறையப் பாதி, புரதங்களோடு ஒட்டாமல் அயனியாகத் திரிகிறது. அதாவது 50 மில்லிகிராம். ஓய்வாக இருக்கும் உயிரணுவின் உள்நீரில் எவ்வளவு? லிட்டருக்கு 0.004 மில்லிகிராம் மட்டுமே! வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப் போல் பன்னிரண்டாயிரம் மடங்குக்கும் மேல்.

இதை எண்ணிக்கையாகவும் மாற்றலாம். உயிரணு ஒன்றை ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளமுள்ள கனசதுரம் என்று வைத்துக்கொள்வோம். கால்சியத்தின் அணு எடை 40, அவகாட்ரோ எண் 6-ஐத் தொடர்ந்து 23 சுழியங்கள். இவற்றைக் கொண்டு பெருக்கி வகுத்தால், அந்த உயிரணுவின் உள்ளே திரியும் கால்சியம் அயனிகள் சுமார் அறுபதாயிரம் என்று வரும். அதே கன அளவுள்ள வெளிநீரில் எழுபது கோடிக்கும் மேல்.

இத்தோடு முடியவில்லை. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதன் இரு புறங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு, நரம்பு உயிரணுவில் சுமார் 70 மில்லிவோல்ட். 70 மில்லிவோல்ட் அற்பம் என்று தோன்றும். ஆனால் தடிமனால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட்! மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் அளவிலேயே காற்று தாங்காமல் பொறி பறக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சவ்வின் உட்புறம் எதிர்மின் பக்கம். கால்சியம் அயனியோ இரண்டு நேர்மின் சுமைகளைக் கொண்டது. ஆக, செறிவு வேறுபாடும் அதை உள்ளே தள்ளுகிறது. மின்புலமும் உள்ளே இழுக்கிறது.

அணைக்கட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் வெள்ளத்தைப் போன்றது இந்த நிலை. மதகைச் சற்றே திறந்தால் போதும், தண்ணீர் பாய்ந்து வரும். சவ்விலுள்ள வாயில் புரதங்கள் ஒரு கணம் திறந்து மூடினாலே உள்ளே கால்சியத்தின் அளவு பத்து மடங்கு ஏறிவிடும். இருட்டறையில் ஏற்றிய தீக்குச்சி எல்லோர் கண்ணிலும் படுவதைப் போல, கால்சியம் மிகக் குறைந்த இடத்தில் சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் அது ஒரு செய்தியாகிவிடுகிறது.

ஏன் இவ்வளவு காவல்?

உயிரணு கால்சியத்தை வெளியே தள்ளுவதற்காக ஓயாமல் உழைக்கிறது. சவ்விலுள்ள இறைப்பான் புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து அயனிகளை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. வேறு சில இறைப்பான்கள், உயிரணுவுக்குள்ளேயே இருக்கும் பைகளில் அவற்றை அடைத்து வைக்கின்றன. இத்தனை பாடு எதற்காக?

விடை உங்கள் எலும்பிலேயே இருக்கிறது. எலும்பின் கடினப் பொருள் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. அது நீரில் எளிதில் கரையாது. ஆனால் உயிரணு தன் ஆற்றல் நாணயமாகப் பயன்படுத்துவதே பாஸ்பேட் ஏறிய ஏ.டி.பி. என்னும் மூலக்கூறைத்தான். உயிரணுவின் உள்நீரில் பாஸ்பேட் நிறைய உண்டு. வெளியே இருக்கும் அளவு கால்சியம் உள்ளேயும் இருந்தால் இரண்டும் சேர்ந்து வீழ்படிவாகிவிடும். உயிரணுவுக்குள் சுண்ணாம்புக் கல் கட்டிவிட்டால் அது எப்படி வாழும்? எனவே கால்சியத்தை வெளியே நிறுத்தி வைப்பது உயிரின் மிகப் பழைய கட்டாயங்களுள் ஒன்று. அந்தக் கட்டாயத்தையே பின்னர் ஒரு செய்தி முறையாக உயிரினங்கள் பயன்படுத்திக்கொண்டன.

அப்படியானால் கால்சியத்தின் உறவான மக்னீசியம் ஏன் செய்தி சொல்லவில்லை? அதற்கும் இரண்டு நேர்மின் சுமைகள்தான். ஆனால் மக்னீசியம் அயனியின் ஆரம் 0.072 நானோமீட்டர், கால்சியத்துடையது 0.1 நானோமீட்டர். சிறிய அயனியாகிய மக்னீசியம் தன்னைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. அவற்றை விட்டுவிட அதற்கு மனமில்லை. பெரிய அயனியாகிய கால்சியமோ தன் நீர்ப் போர்வையை ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவாகக் கழற்றி எறியக்கூடியது. ஓடிவந்து செய்தியைச் சொல்லிவிட்டு ஓட வேண்டியவனுக்குக் கனத்த போர்வை உதவாது அல்லவா?

கெண்டை மீனில் கண்ட கை

செய்தி கொண்டு வருபவன் யார் என்று தெரிந்தது. அதை வாங்கிப் படிப்பவர் யார்?

1973இல் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரெட்சிங்கர் தம் துணைவர்களுடன், கெண்டை மீனின் தசையிலுள்ள ஒரு சிறு புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார். பார்வால்புமின் என்பது அதன் பெயர். 108 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. மாலையின் சில பகுதிகள் திருகு சுருளாகச் சுற்றியிருந்தன. இத்தகைய சுருள்கள் ஆறு. அவற்றுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் எஃப் வரை பெயரிட்டார்கள்.

உங்கள் வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மற்ற விரல்களை மடித்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் 'ஈ' சுருள்; கட்டை விரல் 'எஃப்' சுருள்; மடித்த விரல்களின் வளைவில் கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கிறது. இதனால் இந்த அமைப்புக்கு 'ஈ.எஃப். கை' என்று பெயர் வந்தது. வளைவில் உள்ளவை 12 அமினோ அமிலங்கள். அவற்றிலிருந்தும் அருகிலுள்ள நீர் மூலக்கூறிலிருந்தும் ஏழு ஆக்சிஜன் அணுக்கள் கால்சியத்தை நோக்கி நீள்கின்றன. எதிர்மின் சுமை கொண்ட அமிலங்கள் நேர்மின் அயனியை ஏந்திக்கொள்கின்றன. இங்கே நடப்பது நீங்கள் பாடத்தில் படிக்கும் கூலும் விதிதான்.

பிறகு தேடத் தேட, இதே கை நூற்றுக்கணக்கான புரதங்களில் காணப்பட்டது. மீனில் மட்டுமல்ல, தாவரத்திலும் பூஞ்சையிலும் மனிதனிலும் அது உண்டு.

பார்வால்புமின் மீனுக்கு என்ன செய்கிறது? மீனின் வெண்தசை மின்னலைப் போல் சுருங்கி, உடனே தளர வேண்டும். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். தளர அது விலக வேண்டும். பார்வால்புமின் ஒற்றுத்துணி போல அந்தக் கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டு, தசை விரைவில் தளர உதவுகிறது. நம் ஊர்களில் சிலருக்கு மீன் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பும் அரிப்பும் வரும். பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்தப் பார்வால்புமினே. கால்சியத்தை இறுகப் பிடித்திருப்பதால் குழம்பில் கொதித்தாலும் அது எளிதில் சிதைவதில்லை. 'நன்றாக வேகவில்லை, அதனால்தான் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சமைத்தவர் மீது பழி போடுவது சரியன்று.

கிண்டியில் வரைந்த வரைபடம்

ஒரு புரதத்தின் வடிவம் சரியானதுதானா என்று எப்படிச் சோதிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று அறிவித்தனர். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து ராமச்சந்திரன் வேறொரு வேலை செய்தார். புரத மாலையின் ஒவ்வொரு மணியும் இரண்டு அச்சுகளில் சுழல முடியும். ஆனால் எல்லாக் கோணங்களிலும் சுழல முடியாது. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். உங்கள் முழங்கை பின்பக்கம் மடங்காதது போலத்தான். எந்தக் கோணங்கள் இயலும், எவை இயலா என்று கணக்கிட்டு அவர்கள் ஒரு வரைபடம் வரைந்தார்கள். அதுவே 'ராமச்சந்திரன் வரைபடம்'.

இன்று உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அதை முதலில் இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கால்சியம் பிணைப்புப் புரதங்களுக்கும் இதுவே உரைகல். கோபிநாத் கர்த்தா பின்னர் அமெரிக்காவில் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் என்னும் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தைத் துணைவர்களுடன் கண்டறிந்தார். புற்றுநோய் நிலையத்தில் இயற்பியல் படித்தவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை.

செய்தியைப் படிக்கும் புரதம்

பார்வால்புமின் கால்சியத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வேறு சில புரதங்கள் அதை வாங்கியதும் உருமாறி, அடுத்தவரை வேலைக்கு அனுப்பும்.

1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி, தசையில் ட்ரோபோனின் என்னும் புரதத் தொகுதியைக் கண்டார். அதன் ஒரு பகுதி கால்சியத்தைப் பிடித்ததும் தசை இழைகளின் பூட்டு திறக்கிறது, தசை சுருங்குகிறது. ரிங்கரின் தவளை இதயம் கேட்டது இதைத்தான்! மாரடைப்பு வந்தவருக்கு மருத்துவமனையில் செய்யும் ட்ரோபோனின் இரத்தச் சோதனை, இதே தொகுதியின் மற்றப் பகுதிகளை அளப்பதாகும்.

இன்னும் பெரிய பொறுப்பு கால்மோடுலினுக்கு. 1970 வாக்கில் அமெரிக்காவில் செங்கும், ஜப்பானில் காகியூச்சியும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். 148 அமினோ அமிலங்கள், நான்கு கைகள். 1985இல் ஒய். எஸ். பாபுவும் துணைவர்களும் வெளியிட்ட அதன் படத்தில், நடுவே ஒரு தண்டும் இரு முனைகளில் இரு குண்டுகளும் காணப்பட்டன. கால்சியம் வந்து அமர்ந்ததும் குண்டுகளின் உட்பக்கம் திறக்கிறது, தண்டு வளைகிறது, எதிரே உள்ள நொதியை இரு கைகளாலும் கட்டிப் பிடித்து அதை இயக்கிவிடுகிறது. இப்படி அது இயக்கும் புரதங்கள் பல நூறு. உயிரணு பிளந்து இரண்டாவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

முதுகெலும்புள்ள விலங்குகள் எல்லாவற்றிலும் கால்மோடுலினின் அமினோ அமில வரிசை ஒன்றேதான். கூடையில் துள்ளும் மீனிலும், அதைப் பார்த்துக் காத்திருக்கும் பூனையிலும், விலை பேசும் மனிதரிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரு மாற்றத்தையும் இயற்கை அனுமதிக்கவில்லை என்றால், அதன் வேலை எவ்வளவு நுட்பமானது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் தோன்றிய வெளிச்சம்

உயிரணுவுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்ணால் காண முடியுமா? அதற்கு வழி காட்டியது கடலில் மிதக்கும் ஓர் இழுதுமீன். நம் மீனவர்கள் 'சொறி' என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது.

1961இல் ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒளிவிடும் இழுதுமீன்களிலிருந்து அந்த ஒளிப் பொருளைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து மீந்த சாற்றைக் கழுவு தொட்டியில் ஊற்றினார். தொட்டி பளிச்சென்று நீல ஒளி வீசியது. அந்தத் தொட்டியில் கடல்நீரும் வழிந்து வந்துகொண்டிருந்தது. கடல்நீரிலுள்ள கால்சியமே ஒளியைத் தூண்டியது என்று அவர் கண்டுகொண்டார். அவர் பிரித்தெடுத்த ஏகுவோரின் என்னும் புரதமும் கால்சியத்தைப் பிடிக்கும் கைகளைக் கொண்டதே. இதை உயிரணுவுக்குள் செலுத்தினால் கால்சியம் வரும்போதெல்லாம் அது ஒளிவிடும். 1970களின் பிற்பகுதியில், மெடாகா என்னும் சிறு மீனின் முட்டை கருவுற்றதும் அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கால்சியம் அலையாகப் பரவுவதை இந்த ஒளியால் கண்டார்கள். இழுதுமீனின் மற்றொரு புரதத்தைக் கண்டுபிடித்ததற்காக ஷிமோமுராவுக்கு 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஒழுங்கு குலையும்போது

இனி புற்றுநோய்க்கு வருவோம். உயிரணு ஒன்று, தன் மரபுப் பொருளில் ஏற்பட்ட சிதைவுகளால், நிறுத்தாமல் பிளந்து பெருகி, தன் இடத்தை விட்டு வேறு உறுப்புகளுக்கும் பரவுவதே புற்றுநோய். கால்சியம் பிணைப்புப் புரதங்கள் இதில் மூன்று இடங்களில் குறுக்கிடுகின்றன.

முதலாவது, ஒட்டுதல். தோலிலும் குடலிலும் உள்ள உயிரணுக்கள் செங்கல் சுவர் போல நெருங்கி நிற்கின்றன. அவற்றை ஒட்ட வைக்கும் சாந்தில் காடெரின் என்னும் புரதம் முக்கியமானது. உயிரணுக்கள் ஒட்டி நிற்கக் கால்சியம் வேண்டும் என்பதை 1970களில் ஆராய்ந்து, இந்தப் புரதத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானின் மாசதோஷி டாகெய்ச்சி. காடெரின் ஐந்து கணுக்கள் கொண்ட கரும்பு போல உயிரணுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கணுவுக்கும் இடையே மூன்று கால்சியம் அயனிகள் அமர்ந்து அதை விறைப்பாக வைக்கின்றன. கால்சியத்தை எடுத்துவிட்டால் நனைந்த நூல் போல அது துவண்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்த்த உயிரணுக்களைப் பிரித்தெடுக்க, கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் வேதிப் பொருளை ஊற்றுவது இன்றும் அன்றாட வழக்கம்.

பல புற்றுக் கட்டிகளில் ஈ-காடெரின் என்னும் வகை குறைந்துவிடுகிறது, அல்லது அறவே இல்லாமல் போகிறது. இது கால்சியம் பற்றாக்குறையால் அல்ல. அந்தப் புரதத்தை ஆக்கும் மரபணு கெடுவதாலோ அடங்கிவிடுவதாலோ நேர்கிறது. சுவரிலிருந்து கழன்ற செங்கல் எங்கும் உருண்டோடலாம். நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலர் இளவயதிலேயே இரைப்பைப் புற்றுநோயால் இறந்து வந்தார்கள். அக்குடும்பத்தாரே ஆய்வாளர்களை நாடிச் சென்றார்கள். 1998இல் காரணம் வெளியாயிற்று: ஈ-காடெரின் மரபணுவில் ஒரு பிழை. அதன் பின் யாருக்கு அந்தப் பிழை இருக்கிறது என்று இரத்தச் சோதனையால் முன்கூட்டியே அறிய முடிந்தது. பிழை உள்ளவர்கள் நெருங்கிய கண்காணிப்பில் இருக்கலாம், அல்லது இரைப்பையை முன்னதாகவே அறுவை செய்து நீக்கிக்கொண்டு உயிர் பிழைக்கலாம். பிழை இல்லாதவர்கள் பயமின்றி உறங்கலாம்.

இரண்டாவது, இடம் பெயர்தல். 1965இல் பிளேக் மூர் என்பவர் மாட்டு மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். அமோனியம் சல்பேட் 100 விழுக்காடு நிறைந்த கரைசலிலும் அது கரைந்தே நின்றதால் 'எஸ் 100' என்று பெயரிட்டார். இன்று மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அறியப்பட்டுள்ளனர். எல்லாம் ஈ.எஃப். கைகள் உடையவை. அவற்றுள் 'எஸ் 100 ஏ 4' என்பது, கால்சியத்தைப் பிடித்ததும், உயிரணுவுக்கு உருவமும் நகர்வும் தரும் மயோசின் இழைகளைக் கலைக்கிறது. இது மிகுந்துள்ள கட்டிகள் பரவும் இயல்பு கூடியவையாகப் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. மெலனோமா என்னும் தோல் புற்றில் 'எஸ் 100 பி' மிகுதியாகி, உயிரணுவின் காவலனாகிய 'பி 53' என்ற புரதத்தைப் பிடித்து அதன் வேலையைத் தடுக்கிறது.

மூன்றாவது, மடிதல். பழுதுபட்ட உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்வது உடலின் நன்மைக்கான ஏற்பாடு. உயிரணுவின் சேமிப்புப் பைகளிலிருந்து கால்சியம் பெருமளவில் ஆற்றல் நிலையங்களாகிய மைட்டோகாண்டிரியாவுக்குள் பாய்வது அந்த முடிவுக்கான கட்டளைகளுள் ஒன்று. பல புற்று உயிரணுக்கள் இந்தப் பாய்ச்சலைக் குறைத்துவிட்டு, சாக வேண்டிய வேளையில் சாகாமல் தப்பிவிடுகின்றன.

கைகளே அடையாளம் காட்டுகின்றன

இந்தப் புரதங்கள் மருத்துவருக்கு உளவாளிகளாகவும் உதவுகின்றன. கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நோயியல் நிபுணர் மெல்லிய ஏடாகச் சீவி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் சாயம் இட்டு, நுண்ணோக்கியில் பார்க்கிறார். எஸ் 100 நிறம் காட்டினால் மெலனோமாவோ நரம்பு உறைக் கட்டியோ என்று ஐயுறுவார். கால்ரெட்டினின் என்னும் மற்றொரு கால்சியம் புரதம் நிறம் காட்டினால், அது நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமாவாக இருக்கலாம். மார்பகப் புற்றில் ஈ-காடெரின் இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் பெரும்பாலும் வேறொரு வகை. வகை தெரிந்தால்தான் மருத்துவம் சரியாக அமையும்.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் கால்சியம்தான் புற்றுநோய்க்குக் காரணமா? பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடலாமா?' என்று யாரேனும் கேட்கக்கூடும். கூடவே கூடாது! உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் உயிரணுவின் உள் அளவை உயிரணுவே ஆள்கிறது. கோளாறு கால்சியத்தில் இல்லை. அதைக் கையாளும் புரதங்களில் இருக்கிறது. வளரும் வயதில் உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கிடைக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லதே. போதிய கால்சியம் உண்பவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் சற்றுக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

சில புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருப்பது உண்மை. ஆனால் அது நோயின் விளைவு. கட்டி சுரக்கும் பொருளால் எலும்பு கரைந்து கால்சியம் இரத்தத்தில் சேர்கிறது. நோயாளி முன்பு என்ன சாப்பிட்டார் என்று வீட்டில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

வெற்றிலை பாக்குப் போடும் வழக்கம் மட்டும் வேறு கதை. பாக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. புகையிலையும் சேர்ந்தால் தீமை மேலும் கூடும். அங்கே சுண்ணாம்பு, காரமாக இருந்து பாக்கின் தீய வேதிவினைகளை விரைவுபடுத்துகிறது. உயிரணுவின் கால்சியம் செய்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாத்தா பாட்டியிடம் இந்த வேறுபாட்டைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். வாயில் இரண்டு மூன்று வாரங்களாக ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால் அச்சத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் சென்னையில் இருக்கிறது. கோட்டக்குப்பம் பகுதி மக்களுக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மிக அருகிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் கண்டால் வாய்ப் புற்றைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

உங்களுக்கு ஒரு கணக்கு

கட்டுரையின் நடுவில், ஓய்விலிருக்கும் உயிரணுவில் அறுபதாயிரம் கால்சியம் அயனிகள் என்று கண்டோம். வாயில் புரதம் ஒன்று திறந்தால் அதன் வழியே நொடிக்குப் பத்து லட்சம் அயனிகள் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 100 வாயில்கள் ஒரே வேளையில் திறந்தால், உள்ளே வந்தவற்றை எந்தக் கையும் பிடிக்காத நிலையில், அளவு பத்து மடங்காவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? விடையைக் கண்டபின் இன்னொன்றையும் யோசியுங்கள். உண்மையான உயிரணுவில், நுழையும் அயனிகளில் பெரும்பகுதியைப் பிணைப்புப் புரதங்கள் உடனே பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கைகள் இல்லாவிட்டால் செய்தி எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு நேரம் நீடிக்கும்? ஒரே அயனி, ஒரே உயிரணுவில், ஒரு வேளை 'சுருங்கு' என்றும், ஒரு வேளை 'பிளந்து பெருகு' என்றும், ஒரு வேளை 'மடிந்துபோ' என்றும் எப்படி வெவ்வேறு செய்திகளைச் சொல்கிறது? எங்கே ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது, எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பவற்றைப் பொறுத்தது என்ற அளவுக்கு அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். முழு அகராதி இன்னும் எழுதப்படவில்லை. அதன் சில பக்கங்களை எழுத இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒருங்கே கற்றவர்கள் தேவைப்படுகிறார்கள்.